மடையான் கறி

எங்கள் வீட்டில் மடையான் கறி சமைத்திருக்கிறார்கள். மடையான் என்றால் வயலோரம் நிற்கும் சின்னக் கொக்கு. பறவைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். நடுவில் சொன்னால் ஒளித்துவைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் சொல்வது எண்பதுகளின் கடைசி. சம்பா கதிர் வாங்கும் மார்கழி நாட்களில் காலையில் ஒருவர் சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கால் கட்டிய பறவைகள் தலைகீழாகத் தொங்கும். மடையான், உண்ணிக்கொக்கு, சில நாள் தாழைக்கோழி, எப்போதாவது ஒரு சிறகி வாத்து. மணி அடிக்க மாட்டார், கூவி விற்க மாட்டார். தெருமுனையில் ஒரு காலை ஊன்றி நிற்பார், அவ்வளவுதான். யார் வீட்டில் வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். அப்பா வாங்குவார். எப்போதும் ஜோடியாகத்தான்.

மார்கழியில் அம்மா அடுப்படிக்குள் கவிச்சி விடமாட்டாள். கொல்லையில் மூன்று செங்கல் வைத்து அப்பாவே சமைப்பார். மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி, தண்ணீர் சுண்டும்வரை வேகவிடுவார். நெஞ்சுச் சளிக்கு அதைவிட மருந்து கிடையாது என்பது ஊர் நம்பிக்கை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. அதனால் பெரிய துண்டு எனக்குத்தான். பெரிய துண்டு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. இறகைப் பிய்த்தபிறகு மடையானில் ஒரு கைப்பிடிக்கு மேல் ஒன்றும் இருக்காது. பல மார்கழிகள் தின்றேன். இளைப்பு நிற்கவில்லை. பிறகு இன்ஹேலர் வந்துதான் அடங்கியது.

அதே மடையானைத் தொலைநோக்கியில் பார்த்தது 2016 பொங்கலுக்கு. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள். 2015-ல் தொடங்கியது. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆர்வலன் எல்லாம் இல்லை. வாத்தியார் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "வண்டியில பின்னாடி உட்கார்ந்து நம்பர் மட்டும் எழுது, உன் கையெழுத்து நல்லா இருக்கும்" என்று கூட்டிப்போனார். ஒரு வாய்க்கால் மடை அருகே நிறுத்தி, தொலைநோக்கியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

மடையோரம் ஒரு மண்கட்டி மாதிரி அது நின்றுகொண்டிருந்தது. மடையில் நிற்பதால்தான் மடையான் என்று சித்தப்பா சொல்வார். அசையவில்லை. கழுத்தெல்லாம் பழுப்புக் கோடுகள், மஞ்சள் நிறத்தில் ஒரு கண். அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. "அடுத்த இடத்துக்குப் போகலாமா?" என்று நண்பர் இரண்டு முறை கேட்டாராம். அப்புறம் அது பறந்தது. நின்றபோது மண்ணாக இருந்தது பறக்கும்போது முழு வெள்ளை. இந்த வித்தையை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான் ஏமாந்துபோனேன்.

இப்படித்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது. இப்போது மழைக்காலம் முடிந்தும் முடியாமலும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், விடியற்காலை ஐந்து மணிக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு வடுவூருக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், எழுதக்கூடியதில்லை.

வடுவூர் ஏரி தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரும் வழியில் இருக்கிறது. ஊர் என்றால் கோதண்டராமர் கோயில், கபடி. ஏரியைத் தேடி வருகிறவர்கள் பிறகு வந்தவர்கள்தான். 1999-ல் சரணாலயம் ஆனது. பரப்பு 128 ஹெக்டேர். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1971-ல் ஈரானின் ராம்சார் நகரத்தில் நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்ட ஈரநில ஒப்பந்தம் அது. அதே ஆண்டு முத்துப்பேட்டைப் பக்கம் உள்ள உதயமார்த்தாண்டபுரமும் சேர்ந்தது. கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024-ல்.

பலகைகளில் எழுதாத ஒரு விஷயம், இந்த ஏரிகள் மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருப்பவை என்பது. வழக்கப்படி ஜூன் 12-ல் அணை திறந்து, கல்லணை தாண்டி, ஆறு ஆறாகப் பிரிந்து, குறுவை நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் ஏரிக்கு வந்து சேர ஆடி, ஆவணி ஆகிவிடும். அதற்கப்புறம் ஐப்பசி மழை. இரண்டும் கூடினால் ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும், அப்போதுதான் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டும். தண்ணீர் சுற்றி நின்றால் நாயும் பூனையும் ஏறாது அல்லவா. கார்த்திகையில் வடக்கேயிருந்து வாத்துகள் இறங்கும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி. நீலச்சிறகி ஐரோப்பாவிலிருந்து சைபீரியாவரை பரந்த நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருவது. உடம்பு எடை அரைக்கிலோ தேறாது. பங்குனி வெயிலில் ஏரி வெடித்துக் கிடக்கும்போது ஒன்றும் இருக்காது. சித்திரையில் வந்து ஏமாந்து திரும்புகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "கூகுள்ல பறவை காட்டுச்சே" என்பார்கள்.

மார்கழி விடியலில் கரைமேல் நின்றால் முதலில் சத்தம்தான். இருட்டுக்குள் நாமக்கோழிகள் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். நீலத் தாழைக்கோழி தகரத்தைத் தேய்த்த மாதிரி கத்தும். பனி கொஞ்சம் விலகியதும் மரத்தின் உச்சியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும், யாரோ துணி காயப்போட்ட மாதிரி. கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்தும். சூரியன் ஒரு முழம் ஏறியதும் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைமேல் தாழப் பறந்து வரும். உடனே நாமக்கோழிகள் அத்தனையும் ஒரே கூட்டமாக ஒண்டிக்கொள்ளும்.

இரண்டு மூன்று வருடம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. ஆறரை மணிக்கெல்லாம் ஏரியில் பாதிக்கு மேல் காலியாகிவிடுகிறது. அரிவாள்மூக்கன்கள் கோடு போட்டுக்கொண்டு தெற்கே போகின்றன. நத்தைகுத்திகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வட்டமடித்துக் கிழக்கே போகின்றன. மாலை ஐந்தரைக்குத் திரும்பி வருகின்றன. எங்கே போகின்றன? ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு கோட்டின் பின்னால் போனேன். வானத்தைப் பார்த்து வண்டி ஓட்டினால் என்ன ஆகுமோ அது ஆனது. முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் கண்டுபிடித்துவிட்டேன். அவை போனது எங்கள் வயல்களுக்கு.

ஏரி அவற்றுக்குப் படுக்கையறை. சமையலறை வெளியே, வேலியில்லாத நெல்வயல்களில் இருக்கிறது. நாம் படுக்கையறைக்குப் பலகை வைத்துக் காவல் போட்டிருக்கிறோம்.

சமையலறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நடவுக்குச் சேறடிக்கும் நாளில் வரவேண்டும். கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் உழ உழ, பின்னால் நூறு கொக்காவது நடந்து வரும். சக்கரத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் நிற்கும், பயம் கிடையாது. சேறு புரள வெளிவரும் தவளைக்கும் பிள்ளைப்பூச்சிக்கும் அடித்துக்கொள்ளும். பயிர் தூர்கட்டும் சமயத்தில் நத்தைகுத்தி வரும். அதன் அலகை அருகில் பார்த்தால் மூடிய பிறகும் நடுவில் ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டி மாதிரி. குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். நத்தையின் ஓட்டை அது உடைப்பதில்லை. அலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை அறுத்து உருவிவிடும். முழு ஓடுகள் வரப்பில் வரிசையாகக் கிடக்கும், சாப்பிட்டு முடித்த இலைகள் மாதிரி. தை பிறந்து கதிர் அறுக்கும் மிஷின் இறங்கினால் மறுபடியும் ஊர்வலம். அறுத்த தாளுக்குள்ளிருந்து தத்துக்கிளி பறக்க, அதைப் பிடிக்கத் தகைவிலான்கள் மிஷினைச் சுற்றிச் சுற்றி வரும்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். அவருக்கு எழுபது ஆகிறது, ஏழு மா நிலம் (மூன்று மா ஓர் ஏக்கர்), இன்னும் தானே வரப்பு வெட்டுகிறார்.

"நத்தையே இல்லியேப்பா. நீ படிச்சப்ப வாய்க்கால்ல கால வெச்சா நத்தைதான். நண்டு வளையில தண்ணி ஓடிப்போயிடுதேன்னு திட்டிக்கிட்டுக் கெடப்போம். இப்ப திட்டக்கூட நண்டு இல்ல."

"ஏன் சித்தப்பா, குருணை மருந்து போடுறதாலயா?"

"போடாம? குருத்துப்பூச்சி வந்தா நீ வந்து பொறுக்குவியா?"

பதில் இல்லை. குருணை மருந்து மணலோடு கலந்து விசிறப்படும். பறவைக்கு அது மணலா மருந்தா என்று தெரியாது. இப்போது ட்ரோனில் வேறு மருந்தடிக்கிறார்கள், ஓர் ஏக்கர் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதே சித்தப்பாதான் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைத்திருப்பார். பறவைத் தாங்கி. பகலில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், ராத்திரியில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். வேளாண் அதிகாரிகளும் இதைச் சொல்கிறார்கள், அதற்கு முன்பே ஊரில் உண்டு. ஒரே வயலில் குருணையும் இருக்கிறது, தாங்கியும் இருக்கிறது. சித்தப்பாவைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போக எனக்குத் தைரியமும் இல்லை, நியாயமும் இல்லை. அந்த நெல்லைத்தான் நானும் தின்கிறேன்.

இனி 2023 மார்கழிக்கு வருகிறேன். அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-ஆம் தேதியே அணையை மூடிவிட்டார்கள். குறுவை காய்ந்ததைப் பார்த்துப் பயந்து, சிலர் அடுத்த போகமான தாளடி நடாமலே நிலத்தைப் போட்டுவிட்டார்கள். பிறகு மழை பெய்தது. பயிர் இல்லாத அந்தத் தரிசுகளில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பறவைக்கு அதைவிட என்ன வேண்டும்? உள்ளான்கள், பவளக்காலிகள், மீசை ஆலா என்று ஏரியைவிட அங்கேதான் கூட்டம்.

ஒரு நாள் காலை, நல்ல பனி. தரிசு ஒன்றில் ஐந்து மடையான்கள் நின்றன. கிட்டப் போனேன், பறக்கவில்லை. நல்ல படம் கிடைக்கும் என்று இன்னும் கிட்டப் போனேன். இறக்கையை மட்டும் அடித்தன, எழும்பவில்லை. கால்கள் முளைக்குச்சியில் கட்டப்பட்டிருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் நூல். இமையை மேலும் கீழும் சேர்த்துத் தைத்திருந்தது. இரண்டு பக்கமும் சேற்றோடு சேறாக வலை மடிந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு கயிறு வரப்புவரை போய்க் கருவைப் புதருக்குள் மறைந்தது.

பறவை பிடிக்கப் பயன்படுத்தும் இந்தப் பழக்குப் பறவைக்குத் தமிழில் பெயர் உண்டு. பார்வை. அகராதியில் இருக்கிறது. கண்ணைத் தைத்த பறவைக்குப் பார்வை என்று பெயர் என்பதை நான் வீட்டுக்கு வந்தபிறகுதான் படித்தேன். அன்று படித்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். சில சமயம் அறியாமையும் உதவி செய்கிறது.

புதருக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. ஓடவில்லை.

"வலைய அறுத்துராதீங்க தம்பி. கடன்ல வாங்குனது."

அறுக்க என்னிடம் கத்தி இல்லை, வண்டிச் சாவிதான் இருந்தது. போனை எடுத்தேன். ஓர் அலுவலகத்துக்கு அடித்தேன். எது என்று வேண்டாம். "சரணாலய எல்லைக்குள்ளயா?" என்று கேட்டார்கள். வயல் என்றேன். வேறொரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணில் எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முதல் எண்ணையே கொடுத்தார். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஏரிக்குள் நிற்கும் மடையானையும் வயலில் நிற்கும் மடையானையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எங்கே பிடித்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். இதைப் போனில் விளக்கினேன். "வர்றோம் சார்" என்றார்கள்.

இரண்டு மணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். நானும் அவரும். யாரும் வரவில்லை. அவரும் போகவில்லை. போனால் வலையை நான் எடுத்துக்கொள்வேன் என்று அவருக்குப் பயம். போனால் அவர் மறுபடி விரிப்பார் என்று எனக்கு.

பனிக்குள் தலைக்கு மேலே ஏதோ போனது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உள்ளான். நாலு. பின்னாடி ஒண்ணு தனியா வருது பாருங்க."

தொலைநோக்கியைத் தூக்கினேன். பனியின் ஓட்டையில் தெரிந்தது: நாலு, சற்று பின்னால் ஐந்தாவது. பச்சைக்காலி என்று என் புத்தக அறிவு சொன்னது. அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அது எந்த வாரம் வரும், காற்று கீழைக்காற்றானால் எந்தப் பக்கம் இறங்கும், இறங்குமுன் எத்தனை சுற்று சுற்றும் என்று சொன்னார். எட்டு வருடமாக நோட்டில் எழுதுகிறேன், இதில் பாதி என்னிடம் இல்லை. ஒரு பார்வைப் பறவை கத்தினால் மேலே போகும் கூட்டம் எப்படித் திரும்பும் என்று கையால் காட்டினார். இப்போது பையன்கள் செல்போனில் பறவைச் சத்தத்தைப் போட்டுப் பிடிக்கிறார்களாம். "அது தொழிலா?" என்று முகத்தைச் சுளித்தார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். தெருவைக் கேட்டார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"உங்க அப்பா எப்பவும் ஜோடியாத்தான் கேப்பாரு. பையனுக்கு இளைப்புன்னு சொல்லுவாரு. எங்கப்பாதான் சைக்கிள்ல வருவாரு, நான் பின்னாடி கேரியர்ல உக்காந்திருப்பேன்."

எனக்குக் கேரியரில் யாரும் ஞாபகம் இல்லை. நான் பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். முன்பு மாதிரி தெருத்தெருவாகப் போவதில்லை, போனில் சொல்கிறார்கள், காரில் வந்து வாங்கிப்போகிறார்கள் என்றார். சளிக்கு இல்லை, சரக்குக்கு. கல்யாணத்துக்கு முதல் நாள், புதுவீடு புகுந்த அன்று ராத்திரி, வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால். "நீங்க என்னைப் புடிச்சுக் குடுங்க, நாளைக்கு இன்னொருத்தன் வருவான். கார்ல வர்றவன யாரு புடிப்பா?" தப்பித்துக்கொள்ளச் சொன்ன பேச்சுதான். ஆனாலும் சரியான பேச்சு. அந்த மாதமே என் பெரியப்பா பேரன் வீட்டு மொட்டைமாடியில் எவர்சில்வர் தட்டில் அதைப் பார்த்தேன். சட்டத்தைச் சொன்னேன். "ஜெராக்ஸ் கடை சாமியாராயிடுச்சு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது, என்னுடைய சிரிப்பு.

வரப்புக் கதையை முடித்துவிடுகிறேன். பத்து மணிக்கு அவர் எழுந்து, முளைக்குச்சிகளைப் பிடுங்கி, ஐந்து மடையான்களையும் என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க. வேற செஞ்சுக்கலாம்." வேற செஞ்சுக்கலாம். அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். சின்னக் கத்தரியால் நூலை அறுத்து மருந்து போட்டார். மூன்று, ஞாயிறு தாண்டவில்லை. இரண்டு எங்கள் கொல்லைக் குளியலறையில் நான்கு நாள் இருந்தன. அம்மா கெண்டைக்குஞ்சு வாங்கிவந்து வாளியில் விட்டாள். "அப்பவே வேணான்னேன் உங்கப்பாகிட்ட" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். அம்மா அப்போது சொன்னது மார்கழியைப் பற்றி, பறவையைப் பற்றி இல்லை. நான் திருத்தவில்லை.

அதற்கடுத்த மாதம் கோடியக்கரை போயிருந்தேன். பூநாரை பார்க்க. வேதாரண்யம் உப்பளங்களைத் தாண்டி, சேற்றில் வண்டி இறங்காத இடம்வரை போய், அங்கிருந்து நடை. தூரத்தில் தண்ணீரின் விளிம்பு ரோஜா நிறத்தில் நடுங்கியது, அவ்வளவுதான் பார்த்தேன். அங்கே பல்லாண்டு வேலை செய்த ஆய்வாளர்கள், வரத்து முன்போல இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கடலும் ஆறும் கலக்கும் இடத்தில் ஆற்று நீர் குறைந்தால் உப்பு ஏறும், உப்பு ஏறினால் சேற்றுப்புழு மாறும், புழு மாறினால் பறவை மாறும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊர்த் தென்னைகளே வேரோடு சாய்ந்தன. அது கரையேறிய இடமே வேதாரண்யம் பக்கம், அந்தக் காட்டைக் கேட்க வேண்டாம்.

ஆனால் அங்கே என் மனதில் ஓடியது வேறு. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாகப் பறவைகளுக்குக் காலில் வளையம் போட்டு விடுகிறார்கள். வளையத்தில் எண்ணும் அவர்கள் பெயரும் பொறித்திருக்கும். இங்கே வளையம் போட்டது எங்கோ வடக்கே கிடைத்தால், அது வந்த வழி தெரியும். இருபத்தைந்து கிராம் எடையுள்ள கொசு உள்ளான் ஆர்க்டிக் ஓரத்துச் சைபீரியாவிலிருந்து இங்கே வருகிறது என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த மாதிரி வழிகளெல்லாம் வளையத்தால் துலங்கியவை. சரி, வளையம் போட வேண்டுமானால் முதலில் பிடிக்க வேண்டும், காயம் படாமல். அதற்கு அவர்கள் அழைத்துவந்தது பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தாரை. பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள். அலி உசேன் என்பவர் அவர்களில் பேர்போனவர். பறவையியலாளர் சாலிம் அலியோடு வேலை செய்தவர், நாரை பிடித்துத் தர அமெரிக்காவரை அழைத்துப்போனார்கள். கண்ணியும் வலையும் சத்தம் கொடுத்து அழைக்கும் வித்தையும் அவர்கள் குலத்தொழிலில் வந்தவைதான். பிடித்தபிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

உப்பளக் காற்றில் நின்றுகொண்டு அந்த லுங்கிக்காரரை நினைத்தேன். அவருக்கு வளையம் போடும் வேலை யார் தரப்போகிறார்கள்? ஊருக்கு வந்து சித்தப்பாவிடம் பேசினேன். எலிக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க் கிட்டி என்று எங்கள் பக்கம் ஓர் எலிப்பொறி உண்டு, மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்வது. அதை வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், எல்லோரும் மருந்து உருண்டைக்குப் போய்விட்டார்கள். அந்த உருண்டையைத் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தைக்கும் ஆகாது. வாலுக்கு இவ்வளவு என்று கூலி பேசி அவரை வரச்சொன்னேன். வந்தார். முதல் ராத்திரியே கிட்டிகளை வரப்பில் அவர் வைத்த விதத்தைப் பார்த்துச் சித்தப்பா, "இவன எங்கேருந்துய்யா புடிச்ச?" என்றார். அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் கூப்பிட்டார்கள். கதிர் வாங்கும் இரண்டு மாதத்துக்கு வேலை இருக்கிறது. மிச்சம் பத்து மாதம் என்ன செய்கிறார் என்று நான் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன்.

2025 பொங்கல் கணக்கெடுப்பில் வாத்தியார் வரவில்லை, நான் மட்டும்தான். மாட்டுப்பொங்கலன்று காலை சித்தப்பா வயலுக்குத் தெற்கே நின்று அரிவாள்மூக்கன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தூரத்தில் மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு என்று போனில் பதிந்தேன்.

பின்னால் டிவிஎஸ் சத்தம். அவர்தான். வண்டியின் முன்னால் கிட்டிகள் கட்டாகக் கட்டியிருந்தன. நிறுத்தி, கண்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"எத்தனை போட்டீங்க?"

"நாப்பத்திரண்டு."

"வாய்க்காலுக்கு அந்தாண்ட ஏழு நிக்குது. கோரை மறைக்குது உங்களுக்கு."

நாலடி நகர்ந்து பார்த்தேன். ஏழுதான். நாற்பத்தொன்பது என்று திருத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை உதைத்தார். பின்சீட்டில் வாய் கட்டிய ஒரு சாக்கு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"எலிதான் தம்பி" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.